பாதையும் பாரமும்

மாரிமழை பெருகி, முந்தனையாறு கரைபுரண்டு, கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் பக்கம் செல்லும் வீதி எது, வயல் எது, ஆறு எது என்று அடையாளம் தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளக்காடாகிக் கிடக்கும் நாட்களில், அக்கரைக் கிராமங்களுக்குப் போகவேண்டிய ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வீதியோரத்தில் நின்று, தோணிக்கும் இயந்திரப் படகுக்கும் பெரிய சில்லுகள் பூட்டிய உழவு இயந்திரத்துக்கும் காத்திருக்கும் காட்சியை ஆண்டுதோறும் கண்டு வளர்ந்தவன் நான். அந்தக் காத்திருப்பில் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு தண்ணீரின் ஆழத்தைப் பற்றியதாக இராது. பாரத்தைப் பற்றியதாகவே இருக்கும். பெட்டியில் எத்தனை நெல்மூடை, அதற்குமேல் எத்தனை பேர், முன்சில்லு தாழுமா, பின்சில்லு தாழுமா, நேற்றுப் புதைந்த இடத்தை இன்று எப்படி விலத்திப் போவது என்று அவர்கள் கணக்கிடும் கணக்கில், எந்தக் கலாசாலையிலும் கற்றுக்கொள்ளாத ஒரு சாஸ்திரம் இருந்தது. இளகிய நிலம் ஒருபுறம், கனத்த பாரம் மறுபுறம், இவ்விரண்டுக்கும் நடுவே மனிதன் கண்ட உபாயங்கள் என, மட்டக்களப்பு வாவிக்கரை மக்களின் வாழ்வே நடந்து வந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தச் சாஸ்திரத்தின் ஆதி பாடத்தை நான் கண்டது மண்முனைத் துறையில். எங்கள் நாட்டில் வாவியைக் கடக்கும் மிதவைக்குப் ‘பாதை’ என்று பெயர். ‘பாதைக்குப் போனேன், பாதை அக்கரையில் நின்றது, பாதை வரும்வரை குந்தியிருந்தேன்’ என்று எங்களூரார் பேசக் கேட்கும் வெளியூர்க்காரர், நின்ற இடத்தில் நிற்கவேண்டிய பாதை எப்படி அக்கரைக்குப் போனது என்று திகைப்பது வழக்கம். வாவியின் கிழக்குக் கரையாகிய எழுவான்கரையையும் மேற்குக் கரையாகிய படுவான்கரையையும் இணைத்த இந்தப் பாதைகளில் மாட்டுவண்டியும் லொறியும் உழவு இயந்திரமும் மனிதரோடு மனிதராக ஏறிக் கடந்தன. ஒரு நாள் நெல்லேற்றிய பெட்டியோடு ஓர் உழவு இயந்திரம் பாதையில் ஏறியபோது, ஏறிய கணத்தில் பாதையின் கரையோர விளிம்பு ஒரு சாண் தாழ்ந்து, மறுவிளிம்பு அதே அளவு மேலே எழுந்தது. பாதைக்காரர் பதற்றமில்லாமல் பலகையைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டி வந்த இளைஞனைப் பார்த்து, “மனே, இன்னும் ஒரு முழம் முன்னுக்கு எடு, பின்னுக்குப் பாரம் கூடிப்போச்சு” என்றார். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. விளிம்புகள் இரண்டும் சமமாயின. வண்டியின் கனத்தில் ஓர் இறாத்தல்கூடக் குறையவில்லை. அது நின்ற இடம் மாத்திரம் மாறியது. பாரம் என்பது எவ்வளவு என்பதைவிட எங்கே, எத்தனை இடங்களில் தங்குகிறது என்பதே முக்கியம் என்ற உண்மையை, இருப்புப்பாதை உலகத்தின் மாபெரும் யந்திர நிபுணர்கள் பல்லாண்டு முயன்று விரித்த அதே உண்மையை, அந்தப் பாதைக்காரர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இலங்கையில் முதல் புகைவண்டி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் ஓடிற்று. மலைநாட்டுக் கோப்பியை ஏற்றி இறக்கும் பொருட்டு எழுந்த அந்த இருப்புப்பாதை கண்டிக்கு 1867இல் சென்றது. யாழ்ப்பாணம் சென்று சேர இருபதாம் நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது. மாகோவிலிருந்து பிரிந்து கல்லோயா வழியாகத் திருகோணமலைக்கு 1927இலும், கல்லோயாவிலிருந்து பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வாழைச்சேனை வழியாக மட்டக்களப்புக்கு 1928இலும் வந்தது. முதல் வண்டி ஓடிய நாளிலிருந்து எங்கள் வாவிக்கரைக்கு ‘கோச்சி’ வர அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. கிரானுக்கு அருகால், கல்குடாவுக்கும் ஏறாவூருக்கும் நடுவே, மணலிலும் வயல்வெளியிலும் கிடக்கும் அந்தத் தண்டவாளத்தின் அருகே நின்று, தூரத்து அதிர்வு கால்வழியே ஏறுவதை உணர்ந்து, சாமான் கோச்சியின் சில்லுகளை எண்ணி எண்ணிப் பிழைவிட்ட பிள்ளைகள் எத்தனை தலைமுறையினர்! நானும் அவர்களில் ஒருவன். சில்லுகளை எண்ணுவது வெறும் விளையாட்டு அன்று, அதிலேதான் விஷயம் இருக்கிறது என்பது வளர்ந்தபிறகே எனக்குத் தெரிந்தது.

எப்படியென்று சொல்கிறேன். ஒரு வேகனின் மொத்தக் கனம் எவ்வளவு என்று தண்டவாளம் கேட்பதில்லை. ஒவ்வோர் அச்சும், அதாவது இரண்டு சில்லுகளைப் பூட்டிய ஒவ்வோர் இரும்புத் தண்டும், தன்மேல் எத்தனை தொன் அழுத்துகிறது என்பதையே கேட்கிறது. இதற்கு அச்சுப்பாரம் என்று பெயர். தண்டவாளத்தின் தடிப்பு, சிலிப்பர் கட்டைகளின் நெருக்கம், அடியில் கொட்டிய சல்லியின் ஆழம், அதற்கும் அடியிலுள்ள மண்ணின் இயல்பு, வழியிலுள்ள பாலங்களின் வலிமை ஆகிய எல்லாவற்றையும் ஆராய்ந்து ஒவ்வொரு பாதைக்கும் ஓர் எல்லை விதிக்கிறார்கள். அந்த எல்லைக்குள் அடங்காத பாரத்தை ஏற்றவேண்டி வந்தால் செய்யக்கூடியது ஒன்றே: அச்சுகளைக் கூட்டுவது. நூற்றிருபது தொன் கனமுள்ள ஒரு மின்மாற்றியை அறுபது தொன் கனமுள்ள ஒரு வண்டியில் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அச்சுகள் என்றால் ஒவ்வோர் அச்சும் நாற்பத்தைந்து தொன் அழுத்தும். எந்தச் சாதாரணப் பாதையும் அதைத் தாங்காது. பன்னிரண்டு அச்சுகள் என்றால் அதே பாரம் பதினைந்து தொன்னாக இறங்கிவிடுகிறது. சாமானிய இயந்திரம் ஓடும் பாதையில் அது தாராளமாக ஓடும்.

இந்த உபாயம் பாரவண்டிகளுக்கு மாத்திரம் உரியதன்று. பாரத்தை இழுக்கும் இயந்திரங்களுக்கும் அதுவே கதி. மலைநாட்டுப் பாதையில், நாற்பத்து நான்கு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், வளைவுக்கு மேல் வளைவாகத் திரும்பும் அந்தக் கடினமான வழிக்கென்று 1927இல் மான்செஸ்டரிலுள்ள பேயர் பீகொக் தொழிற்சாலையிலிருந்து ‘கறற்’ என்ற ஒருவகை நீராவி இயந்திரத்தை வருவித்தார்கள். கொதிகலனை நடுவே தொங்கவிட்டு, முன்னும் பின்னும் இரண்டு தனித்தனி இயந்திரத் தொகுதிகளைப் பூட்டிய விசித்திரமான அமைப்பு அது. இரண்டு யானைகள் நடுவே ஒரு பல்லக்கைத் தூக்கிச் செல்வதுபோல் இருக்கும். நீளத்தில் பாரம் பரவியது. மூட்டுகளில் மடங்கி வளைவுகளில் திரும்பவும் முடிந்தது. அதன் பின்னர், 1954ஆம் ஆண்டு தொடங்கிக் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாடு இலங்கைக்கு நன்கொடையாக அளித்து, கனடிய மாகாணங்களின் பெயர்களையே தாங்கி ஓடிய டீசல் இயந்திரங்களை எடுத்துக்கொண்டால், அவற்றின் அடியில் குனிந்து பார்த்தவருக்கு ஓர் அதிசயம் புலப்படும். முன்னும் பின்னும் மூன்று மூன்று அச்சுகள்; ஒவ்வொரு மூன்றிலும் முன்னச்சும் பின்னச்சும் இழுக்கும், நடு அச்சு இழுப்பதேயில்லை. மின்மோட்டர் பூட்டப்படாத அந்த நடு அச்சு, பாரத்தைத் தாங்கிக்கொள்வதற்காக மாத்திரமே அங்கே இருக்கிறது. ஏறக்குறைய எண்பது தொன் கனம் நான்கு அச்சுகளில் நின்றால் அச்சுக்கு இருபது தொன். ஆறில் நின்றால் பதின்மூன்றைச் சற்றே தாண்டும். அந்த ஊமை அச்சின் தயவால்தான் கனத்த இயந்திரம் இலேசான பாதைகளிலும் கால்வைக்க முடிந்தது. இழுப்பவனை எல்லோரும் பார்க்கிறோம். கூடவே தாங்கி வருபவனைப் பார்ப்பவர் சிலர்.

கனத்தைப் பகிர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதற்கில்லை. பெரும்பொருள்களுக்கு உயரமும் அகலமும் உண்டு. பாலத்தின் மேற்சட்டங்களும், சுரங்கத்தின் கூரையும், நிலையத்து மேடையின் விளிம்பும், இந்த அளவுக்குள் வந்தால் வா, இல்லையேல் நில் என்று இருப்புப்பாதை முழுவதிலும் ஒரு கண்ணுக்குத் தெரியாத வாயிலை அமைத்து வைத்திருக்கின்றன. சாதாரண வண்டியின் தளம் சில்லுகளுக்கு மேலே இருப்பதால் பொருளின் உயரம் அங்கேயே வீணாகிவிடுகிறது. ஆகையால் முன்னும் பின்னும் சில்லுத் தொகுதிகளை வைத்து, நடுத்தளத்தை மட்டும் தண்டவாளத்தைத் தொட்டும் தொடாமலும் தாழ்த்திக் கட்டினார்கள். கிணறுபோல நடுப்பகுதி இறங்கியிருப்பதால் இதற்கு ‘வெல் வேகன்’ என்று பெயர் வந்தது. இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில், நிலையத்துக்கு நிலையம் தந்தி அடிக்கும்போது நீண்ட வர்ணனைகளைத் தவிர்ப்பதற்காக ஒவ்வொரு வண்டி வகைக்கும் ஒற்றைச் சொல்லாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தாழ்தள வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘குரொக்கடைல்’, அதாவது முதலை. பெரும் பீரங்கிகளையும் கொதிகலன்களையும் தாங்கிய வண்டித் தொகுதிக்கு வைத்த பெயரோ, ஆச்சரியம், பூந்தாதைக் குறிக்கும் ‘பொலன்’! எங்கள் வாவியில் வயிறு சேற்றிலே படிய, முதுகு மட்டும் மேலே தெரிய, கரையேறி வெயில் காயும் முதலையைக் கண்டவர்கள், முன்னங்காலும் பின்னங்காலும் இரு கோடியில் நிற்க, வயிறு மாத்திரம் நிலத்தை உரசும் அந்த வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்று உடனே ஒப்புக்கொள்வார்கள்.

உயரத்தின் தொல்லையை உலகமே கண்கொண்டு பார்த்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பலோமர் மலையில் நிறுவவிருந்த தொலைநோக்கிக்காக, கோர்னிங் என்ற ஊரில் இருநூறு அங்குல விட்டமுள்ள ஒரு கண்ணாடி வட்டத்தை 1934இல் வார்த்தார்கள். கனம் இருபது தொன்தான். இருப்புப்பாதைக்கு அது பாரமே அன்று. ஆனால் படுக்கவைத்தால் இருபுறமும் பாதைக்கு வெளியே பிதுங்கும். நிமிர்த்தினால் பாலங்களில் இடிக்கும். ஆகவே தனியாக அமைத்த தாழ்தள வண்டி ஒன்றின் வயிற்றுக்குள் அதை நிமிர்த்தி இறக்கி, 1936 மார்ச் 26ஆம் நாள் புறப்பட்டு, பகலில் மாத்திரம், மணிக்கு இருபத்தைந்து மைலுக்கு மேற்படாமல், பாலங்களின் கீழே அங்குலக் கணக்கில் இடைவெளி விட்டு ஊர்ந்து, ஏப்ரல் 10ஆம் நாள் கலிபோர்னியாவைச் சேர்ந்தார்கள். கண்டம் கடந்த அந்த யாத்திரையை வழிநெடுகிலும் ஜனங்கள் கூடிநின்று பார்த்தார்களாம். சுவாமி புறப்பாடு பார்ப்பதுபோல் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த வண்டிகளில் எல்லாம் தலைசிறந்தது, என் மதிப்பில், ஜெர்மானியர் ‘ஷ்னாபல்’ என்று பெயரிட்ட வகை. அந்தச் சொல்லுக்குப் பறவையின் அலகு என்று பொருள். இதில் தளமே கிடையாது. பல அச்சுகள் பூட்டிய இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஓர் இரும்பு அலகு நீண்டு நிற்கும். கொதிகலனோ மின்மாற்றியோ எதுவானாலும் அதை இரண்டு அலகுகளுக்கும் நடுவே கவ்வித் தூக்கிவிட்டால், அந்தப் பொருளே வண்டியின் உடலாகிவிடுகிறது. பாரத்தை இறக்கியபின் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று கோத்து வெறும் வண்டியாக வீடு திரும்பலாம். வழியில் ஒரு கம்பமோ பாறையோ குறுக்கிட்டால், பாரத்தை ஒரு பக்கமாக நகர்த்தி ஒதுக்கிச் செல்லும் பொறிகளும் பெரிய வண்டிகளில் உண்டு. க்ருப் நிறுவனம் 1980இல் அமெரிக்காவுக்காகச் செய்த இத்தகைய வண்டிக்கு முப்பத்தாறு அச்சுகள், எழுபத்திரண்டு சில்லுகள்; ஏறக்குறைய தொளாயிரம் தொன் வரை பாரமுள்ள அணு உலைக் கலங்களைத் தூக்கிச் செல்லுவதற்கென்றே அதைச் செய்தார்கள். சில்லுகளை எண்ணிப் பிழைவிட்ட கிரான் பிள்ளைக்கு அந்த எழுபத்திரண்டையும் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று அடிக்கடி எண்ணிக்கொள்வதுண்டு.

கடலுக்கு அப்பால், எங்கள் இருப்புப்பாதையின் அகலமாகிய ஐந்தடி ஆறங்குலத்தையே கொண்ட இந்தியப் பெரும்பாதையில், இந்தக் கலை தமிழர் கைகளிலும் தவழ்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளியின் பொன்மலைக்கு இடம் பெயர்ந்து 1928இல் நிலைபெற்ற ரயில்வே பட்டறையில் வேகன்களைச் செய்தும் செப்பனிட்டும் தேர்ந்த தலைமுறைகள் உண்டு. அதே திருச்சிக்கு அருகில் 1960களில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையிலிருந்து அளவு மீறிய பொருள்கள் நாடெங்கும் புறப்பட்டன. ஓ.டி.சி. என்று ரயில்வே ஊழியர் வாயில் சுருங்கிய அந்த அளவு மீறிய சரக்குகளை, இடைவெளி எத்தனை அங்குலம் என்று பார்த்து வகுத்து, மிகவும் நெருக்கமானவற்றைப் பகல் வெளிச்சத்தில் மட்டும், அதிகாரிகள் கூடவே பயணம் செய்ய, மெல்ல நடத்துவார்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் ஒப்பவில்லை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் எல்லாம் முடிந்து நிற்கும்போது ஏறக்குறைய முந்நூறு தொன் என்பார்கள். நின்றுபோயிருந்த அந்தத் தேர் 1970இல் மறுபடி ஓடியபோது, அதற்கு இரும்புச் சில்லுகளும் அச்சுகளும் நீர்விசைத் தடைகளும் செய்து பூட்டிக் கொடுத்தது திருச்சியின் அந்தக் கொதிகலன் தொழிற்சாலைதான். முந்நூறு தொன்னை இரண்டே அச்சுகளில், மண்வீதியில், ஆயிரக்கணக்கானோர் வடம்பிடிக்க, முட்டுக்கட்டை போடுகிறவனின் கண்ணளவை நம்பி நாலு வீதியும் திருப்பிக் கொண்டுவந்து நிலையில் சேர்த்த நம் முன்னோரை நினைத்துப் பார்க்கிறேன். அச்சுக்கு நூற்றைம்பது தொன்; உலகத்தின் எந்த இருப்புப்பாதையும் அதை அனுமதிக்காது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துத் தேரோட்டத்தில் மரச்சில்லு மணலில் இறங்கி நிற்கும்போது, கூட்டம் மூச்சை அடக்கி, முட்டுக்கட்டைக்காரர் முகத்தையே பார்த்து நிற்கும். பாரத்தின் போக்கை அறிந்தவன் யார் என்பது அந்த வேளையில் ஊருக்கே தெரியும்.

முப்பத்தாறு அச்சு வண்டிக்கு எங்கள் மட்டக்களப்புப் பாதையில் வேலை வந்ததில்லை. 1956இல் வாழைச்சேனையில் காகித ஆலை எழுந்தபோது அதன் மூலப்பொருள் வைக்கோல். வயலில் எரிந்து போகவேண்டியது காசாகிற்று என்று கமக்காரர் மகிழ்ந்தனர். வைக்கோலுக்குக் கனமில்லை, பருமன் மட்டுமே உண்டு. மேலே ஏற்ற ஏற்றச் சரியுமே ஒழியச் சில்லை அழுத்தாது. ஆனால் எங்கள் பாதையின் பாலங்கள் வேறொரு விதமான பாரத்தைச் சுமந்தன. மகாவலியின்மேல் மன்னம்பிட்டியிலும், வாழைச்சேனை வாவியின்மேல் ஓட்டமாவடியிலும், ஒரே இரும்புப் பாலத்தில் கோச்சியும் போயிற்று, லொறியும் போயிற்று, மாட்டுவண்டியும் போயிற்று, சைக்கிளும் போயிற்று. தண்டவாளத்துக்கு நடுவே பலகை பரப்பிய அந்த ஒற்றைவழியில், கோச்சி வரும் நேரம் இருபுறமும் வாகனங்கள் வரிசையாகக் காத்து நிற்கும். கோச்சி போனபிறகு பாலத்தின் இரும்புச் சட்டங்கள் முனகி ஓய்வது வண்டிக்குள் இருப்பவருக்கும் கேட்கும். போர்க்காலத்தில் கோச்சி வராத நாட்களிலும், 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி ஊரைச் சிதைத்த பின்னரும், எங்களை உலகத்தோடு கட்டிவைத்திருந்தவை இந்த இரும்புச் சட்டங்களே.

இப்பொழுது காலம் மாறிவிட்டது. மன்னம்பிட்டியில் ஜப்பானிய உதவியோடு 2007இல் தனி வீதிப்பாலம் திறக்கப்பட்டு, பழைய பாலம் கோச்சிக்கே உரியதாயிற்று. ஓட்டமாவடிக்கு 2010இல் புதுப்பாலம் வந்தது. 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்துக்கு அருகே 2013இல் அகன்ற புதுப்பாலம் எழுந்தது. மண்முனைக்கு 2014இல் பாலம் வந்ததும் அந்தத் துறையின் பாதை ஓய்ந்தது. படுவான்கரை ஜனங்களின் எத்தனையோ காலத்துக் கஷ்டம் நீங்கிற்று என்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி உண்டு. நோயாளியை நள்ளிரவில் துறையில் வைத்துக்கொண்டு பாதைக்குக் குரல்கொடுத்தவர்களுக்குத்தான் அந்தப் பாலத்தின் அருமை தெரியும்.

என்றாலும் ஒரு வேண்டுகோள் எனக்கு உண்டு. இங்கிலாந்தில் ஒரு வேகனுக்குத் தந்தியில் என்ன பெயர் வைத்தார்கள் என்பதுகூட நமக்கு இன்று தெரிகிறது, யாரோ அதை எழுதி வைத்ததனால். எங்கள் துறையில், வண்டியை எந்தப் பலகையில் நிறுத்தவேண்டும், காற்று வடக்கே திரும்பினால் எந்தப் பக்கம் பாரத்தைக் குறைக்கவேண்டும், கச்சான் காற்றில் எத்தனை மூடையோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்று அறிந்திருந்த பாதைக்காரரின் சொற்களை எழுதிவைத்த ஏடு எதையும் நான் கண்டதில்லை. சிலிப்பர் கட்டை மாற்றியும் சல்லி அடித்தும் தண்டவாளத்தின் பாரத்தைத் தம் தோளால் அறிந்த தொழிலாளர், கிரானிலும் சித்தாண்டியிலும் ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும், தள்ளாத வயதில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பின்னேரம் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதை வாசிப்பார்களானால், அடுத்த மாரிக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கும்படி வேண்டுகிறேன்.